பிள்ளைகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மகளுக்கு 14 வயது. ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள். அடுத்த பருவத்தில் அந்தக் குழு தொழில்முறை வாத்தியக் கலைஞர்களோடு சேர்ந்து, இதற்கென்றே எழுதப்பட்ட புத்தம்புதுப் படைப்பு ஒன்றை மேடையேற்றப் போகிறது. "இதில் உண்மையிலேயே இசை இருக்கிறதா? இல்லை, பெற்றோர் கைதட்டவும் நிதி கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளவும் நடக்கிற காரியமா? பீத்தோவன், மொசார்ட் என்று உருப்படியாக ஏதாவது பாடவைக்கக் கூடாதா?" என்று கேட்கிறார்.

இரண்டும் நடக்கிறது. கைதட்டலுக்காக நடப்பவையே எண்ணிக்கையில் அதிகம் என்றுகூடச் சொல்வேன். இளைஞர் வாத்தியக் குழு ஒன்றில் பல வருடம் வயலின் பகுதியைப் பழக்கிக் கொடுத்தவன் நான். அரங்கம் நிறையப் பாட்டிமார்களும் கைப்பேசிகளுமாக நடந்த நிகழ்ச்சிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் மேற்கத்திய இசையில் வந்த சில அருமையான படைப்புகள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. எது எந்த ரகம் என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மேடையில் இருக்கும் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் தேர்ந்த கலைஞர்களை ஏற்றினால் படைப்பு மேம்படுமா, கெட்டுப்போகுமா? மேம்படும் என்றால் பிள்ளைகளை அங்கே சும்மா பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்டுப்போகும் என்றால் நம்பி டிக்கெட் வாங்கலாம்.

இந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறுவது இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ‘நோய்ஸ் ஃப்ளட்’ என்ற ஓபரா, அதாவது இசை நாடகம். நோவாவும் பெருவெள்ளமும் என்ற பைபிள் கதை. வசனம், செஸ்டர் நகரத்தில் இடைக்காலத்தில் கைவினைஞர் சங்கங்கள் நடத்திய சமய நாடகங்களிலிருந்து எடுத்தது. 1958 ஜூன் 18 அன்று, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஓர்ஃபர்டு என்ற சிற்றூரின் தேவாலயத்தில், ஆல்டபரோ விழாவில் அரங்கேறியது. கையசைத்து இசையை நடத்தியவர் சார்லஸ் மக்கெராஸ். பெரியவர்களுக்கான பாத்திரம் மூன்றே மூன்று: நோவா, அவர் மனைவி, பாடாமல் பேச மட்டும் செய்யும் கடவுளின் குரல். நோவாவின் மகன்கள், மருமகள்கள், மனைவியோடு சேர்ந்து வம்பளக்கும் தோழிகள், ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் நுழையும் விலங்குகள், பறவைகள், எல்லாரும் பிள்ளைகள். (மகன்களில் ஒருவனாகப் பாடிய பையன்தான் பின்னாளில் லண்டனில் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வின் முதல் ஃபேன்டமாக வந்த மைக்கேல் கிராஃபோர்டு.)

சூட்சுமம் வாத்தியக் குழுவில் இருக்கிறது. தொழில்முறைக் கலைஞர்கள் ஒரு கைப்பிடிதான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு டபுள் பேஸ் என்று தந்தி வாத்தியக்காரர் ஐவர், தனி ரெக்கார்டர் குழல் ஒன்று, ஒரே பியானோவில் உட்காரும் இருவர், ஆர்கன், டிம்பனி என்ற பெருமுரசு. அவர்களைச் சுற்றிப் பிள்ளைகளின் பட்டாளம்: வயலின்கள், செல்லோக்கள், ரெக்கார்டர்கள், பியூகிள்கள், கைமணிகள், விதவிதமான தாளக் கருவிகள்.

பிள்ளைகளின் வயலின் பகுதியை பிரிட்டன் மூன்றாகப் பிரித்தார். முதல் பிரிவு ஓரளவு தேறியவர்களுக்கு. இடது கை வயலின் கழுத்தில் மூன்றாம் நிலை வரை ஏறும். இரண்டாம் பிரிவில் கை முதல் நிலையை விட்டு நகராது. மூன்றாம் பிரிவு, வயலினைக் கையில் எடுத்துக் கொஞ்ச காலமே ஆன பிள்ளைகளுக்கு. பெரும்பாலும் விரலே வைக்காமல் இழுக்கிற வெறும் தந்திகள். வயலின் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொடக்கநிலைப் பிள்ளையிடம் சுருதி விலகுவது விரல் வைக்கிற இடத்தில்தான். வெறும் தந்தி விலகாது. யாராவது முன்னாலேயே சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும், அந்தப் பிள்ளை இரவு முழுக்கச் சரியாக வாசிக்கும். அதோடு, இருபது பிள்ளைகள் சேர்ந்து வெறும் தந்தியை இழுக்கும்போது வருகிற அகலமான, கரகரப்பான ஒலி தேர்ந்த கைகளிலிருந்து வராது. பழகிய வில் தன்னையறியாமல் அதை அழகுபடுத்திவிடும்.

பியூகிள் விஷயமும் இப்படித்தான். அந்தக் கருவியில் வால்வு கிடையாது. ஊதினால் இயற்கையாக வருகிற நாலைந்து சுரங்கள்தான். பட்டாளத்துப் பையன்கள் காலையில் ஊதுகிற சமாசாரம். இதைப் போய் ஒரு ஓபராவில் எங்கே வைப்பது? விலங்குகளின் அணிவகுப்பில் வைத்தார் பிரிட்டன். பியூகிளின் சுருதிக்கு அணிவகுப்பு இசை முழுவதையும் கொண்டுவந்து நிறுத்தினார். கருவியால் இவ்வளவுதான் முடியும் என்பதால் இசை அதன் பக்கத்துக்கு வந்து நின்றது. அந்தக் காட்சியில் பியூகிளை எடுத்துவிட்டு நல்ல டிரம்பெட் கலைஞர்களை வைத்துப் பாருங்கள், ஊர்வலம் செத்துப்போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மழைத்துளி. வெள்ளம் தொடங்கும்போது விழுகிற முதல் சில துளிகளுக்கு என்ன ஒலி கொடுப்பது என்று பிரிட்டன் யோசித்துக்கொண்டிருந்தார். அவரோடு வேலை பார்த்த இமோஜன் ஹோல்ஸ்ட் (‘தி பிளானட்ஸ்’ எழுதிய குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள்) போர்க்காலத்தில் கிராமத்து மாதர் சங்கங்களுக்குத் தாள வாத்தியம் பழக்கியவர். பிரிட்டனைத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போய், பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பெரிய மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். அந்தத் தொங்கும் குவளைகள் அப்படியே ஸ்கோரில், அதாவது எழுதிய இசைக் குறிப்பில், ஏறிவிட்டன. ஜலதரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீர் இல்லை, துல்லியமான சுருதியும் இல்லை, டொக் டொக் என்ற மங்கிய ஒலிதான். அதைத் தட்ட பத்து வருடப் பயிற்சி வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் எண்ணத் தெரிந்தே ஆகவேண்டும்.

புயல் காட்சியில் இதெல்லாம் ஒன்றுசேர்கிறது. அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் குவளைத் துளி, பிறகு காற்று, அலை, இடி என்று அடுக்கு அடுக்காக ஏறும். இந்த அமைப்பைத் தேர்ந்ததும் யதேச்சையாக இருக்காது. அடிமெட்டு மாறாமல் சுற்றி வருகிறது என்றால், வழி தப்பிய பிள்ளை அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம். தொடரூர்தியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த வண்டி வருகிற மாதிரி. புயல் உச்சத்துக்கு வரும்போது, கடலில் இருப்போருக்காக ஆங்கிலத் தேவாலயங்களில் பாடுகிற பழைய பாடல் எழும். அப்போது பார்க்க வந்தவர்களும் எழுந்து சேர்ந்து பாடவேண்டும். மொத்தம் மூன்று பாடல்கள் அப்படிச் சபைக்கென்றே வைத்திருக்கிறார்.

சரி, தொழில்முறைக் கலைஞர்களுக்கு என்ன வேலை? இரண்டு. ஒன்று, தனி ஆவர்த்தனம் மாதிரி அவர்களால் மட்டுமே முடிகிற இடங்கள். வெள்ளம் வடிகிறதா என்று பார்க்க நோவா அனுப்பும் அண்டங்காக்கைக்குத் தனி செல்லோ. புறாவுக்கு நாக்கைப் படபடக்கவிட்டு ஊதும் தனி ரெக்கார்டர். இன்னொன்று, தூணாக நிற்பது. பியானோவும் ஆர்கனும் டிம்பனியும் தாளத்தையும் சுருதியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பிள்ளைகள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூரை விழாது. இது பெருமை தேடித்தருகிற வேலை இல்லை. நல்ல மிருதங்கக்காரர் அனுபவம் குறைந்த பாடகருக்கு வாசிக்கும்போது செய்கிற வேலை.

இரண்டாவது உதாரணம் அறுபது ஆண்டு கழித்து நியூயார்க்கில். 1911 மார்ச் 25 அன்று அந்த ஊரில் டிரையாங்கிள் என்ற பெண்கள் மேலாடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மாடிகள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடியைத் தாண்டவில்லை. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்களில் 14 வயதுக்காரிகளும் உண்டு. உங்கள் மகளின் வயது.

இந்தச் சம்பவத்தை அமெரிக்க இசையமைப்பாளர் ஜூலியா உல்ஃப் ‘ஃபயர் இன் மை மவுத்’ என்ற பெயரில் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் பெண்குரல்களுக்கும் எழுதினார். 2019 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், யாப் வான் ஸ்வேடன் நடத்த, அரங்கேற்றியது. பாடியவர்களின் எண்ணிக்கை 146. அதில் 36 பேர் ‘தி கிராசிங்’ என்ற தொழில்முறைக் குழுவின் பெண்கள். மீதி 110 பேர் நியூயார்க் நகர இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் சிறுமிகள். குடியேற்றம், தொழிற்சாலை, போராட்டம், தீ என்று நான்கு பகுதிகள். தொழிற்சாலைக் காட்சியில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பாட்டும் இத்தாலியப் பாட்டும் மோதிக்கொள்ளும். ஓரிடத்தில் பாடகிகள் கையில் கத்தரிக்கோல் வைத்து வெட்டுகிற ஒலியே தாளமாகும். கடைசியில் இறந்தவர்களின் பெயர்கள் பாடப்படுகின்றன.

இந்த 110 சிறுமிகளையும் எடுத்துவிட்டுப் பயிற்சி பெற்ற ஓபரா குரல்களைப் போட்டால் சுருதி இன்னும் சுத்தமாக இருக்கலாம், ஒலி இன்னும் கனமாக இருக்கலாம். ஆனால் பதினைந்து வயதுக் குரலில் இருக்கிற அந்த நேர்கோடு, அசைவு இன்னும் சேராத அந்தத் தன்மை, போய்விடும். கேட்பவர் மேடையில் பார்ப்பது துக்கம் விசாரிக்க வந்த நடுவயதுப் பெண்களாகிவிடும்.

இந்த நியூயார்க் இளைஞர் குழு திடீரென்று ஒரு நாள் ஃபில்ஹார்மோனிக்கோடு மேடையேறிவிடவில்லை. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் என்பவர் 1988இல் தொடங்கிய குழு அது. 2001இலிருந்து ‘டிரான்சியன்ட் குளோரி’ என்ற பெயரில் இன்றைய இசையமைப்பாளர்களிடம் இளம்குரலுக்கென்றே தொடர்ந்து எழுதி வாங்கி வந்திருக்கிறார்கள். புதிய ஸ்கோரைப் பார்த்து மிரளாத பிள்ளைகள் அப்படித்தான் உருவாகிறார்கள், ஒரே ஒரு நிகழ்ச்சியால் இல்லை.

ஜொனாதன் டவ் எழுதிய ‘தி மான்ஸ்டர் இன் தி மேஸ்’ இன்னொரு நல்ல உதாரணம், சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பெர்லின் ஃபில்ஹார்மோனிக், லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் விழா மூன்றும் சேர்ந்து எழுதி வாங்கி, 2015 கோடையில் மூன்று ஊரிலும் அந்தந்த நாட்டு மொழியில், சைமன் ராட்டில் நடத்தியது. கிரேக்கக் கதை: சிக்கல்பாதைக்குள் இருக்கும் மினோட்டார் என்ற அரக்கனுக்கு ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளைப் பலியாக அனுப்பவேண்டும். பலிக்குப் போகிறவர்களாக ஊர்ப் பிள்ளைகளே மேடையில் நிற்கிறார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அழுகிற ஊராகப் பெரியவர்களின் தொழில்சாராச் சேர்ந்திசைக் குழு நிற்கிறது. கதையிலேயே பிள்ளைகளுக்கு இடம் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி சோதனையில் தேறாத ரகம். இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தொழில்முறைக் கலைஞரை உட்காரவைத்து, சைக்கோவ்ஸ்கியையோ துவோர்ஷாக்கையோ சேர்ந்து வாசிப்பது. பிள்ளைகளை இறக்கிவிட்டால் அது இன்னும் நன்றாகவே இருக்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். சிஷ்யப் பிள்ளை தம்புராவோடு குருவின் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிற மாதிரிதான் அது. எங்கே மூச்சு எடுக்கிறார், எப்போது நடத்துநரைப் பார்க்கிறார், தப்பு வந்தால் முகத்தில் காட்டாமல் எப்படி நகர்கிறார் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தொற்றும். அது ஒரு நல்ல வகுப்பு. கச்சேரியாக விற்கும்போதுதான் எனக்கு நெருடுகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ஏன் மொசார்ட் கூடாது, ஏன் புதிய இசை? மொசார்ட் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மொசார்ட்டை எடுத்தால், அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் ஏற்கெனவே ஒரு மொசார்ட் ஓடிக்கொண்டிருக்கிறார், வியன்னாவில் பதிவு செய்தது. அதோடு ஒப்பிட்டால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தோற்றே ஆகவேண்டும். நேற்று எழுதிய படைப்புக்கு ஒலிப்பதிவு கிடையாது. அது எப்படி ஒலிக்கவேண்டும் என்று இவர்கள்தான் முதலில் காட்டப்போகிறார்கள்.

இன்னொன்று, தொழில்முறைக் கலைஞருக்கும் அது முதல் தடவை. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியை நாற்பது தடவை வாசித்த செல்லோக்காரர் ஒத்திகைக்குக் கைவீசிக்கொண்டு வரலாம். புதிய ஸ்கோரில், தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குப் பின்னால் வில்லை இழு, வாத்தியத்தின் உடலைத் தட்டு, பாடிக்கொண்டே வாசி என்று எழுதியிருந்தால், அவரும் பென்சிலை எடுத்துக்கொண்டு இசையமைப்பாளரிடம் சந்தேகம் கேட்கவேண்டியதுதான். பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் "எனக்கு இது புரியவில்லை" என்று கேட்பதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். அன்றைக்கு ஒத்திகை வேறு மாதிரி ஓடும்.

அப்புறம், நுட்பரீதியாகவும் புதிய இசையில் பிள்ளைகளுக்கு வசதி அதிகம். கனடாவின் ஆர். மரே ஷாஃபர் 1968இல் இளைஞர் சேர்ந்திசைக் குழுவுக்கு எழுதிய ‘எபிடாஃப் ஃபார் மூன்லைட்’ ஸ்கோரைப் பார்த்தால் கோடுகளும் வளைவுகளுமாக ஒரு படம் மாதிரி இருக்கும். நிலவொளிக்குப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே கற்பனை செய்த, எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்தான் அதன் பாட்டு. ஒவ்வொருவரும் ஒரு சுரம் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் மொத்தமாக ஒரு மங்கலான மேகம் உண்டாகும். ஒருவர் கால்சுரம் தள்ளி நின்றாலும் மேகம் கலையாது. மொசார்ட்டில் அதே கால்சுரம் பல்லில் கல் மாதிரி கடிபடும்.

தந்தி வாத்தியக்காரர்களுக்கு, க்ரோனோஸ் குவார்டெட் செய்த வேலையைச் சொல்லாமல் விட முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த இந்த நால்வர் குழு 2015இல் ‘ஃபிஃப்டி ஃபார் தி ஃபியூச்சர்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. 25 பெண்கள், 25 ஆண்கள், மொத்தம் 50 இசையமைப்பாளர்களிடம் மாணவக் குவார்டெட்டுகள் வாசிக்கத் தோதாகப் புதிய படைப்புகள் எழுதி வாங்கி, ஸ்கோர், தனித்தனிப் பகுதிகள், தாங்களே வாசித்த ஒலிப்பதிவு எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். கார்த் நாக்ஸ் எழுதியது முழுக்க வில் வித்தை: வில்லைக் குறுக்காக மட்டுமில்லாமல் செங்குத்தாகவும் வட்டமாகவும் ஓட்டிப் பழகவேண்டும். அலெக்சாண்ட்ரா வ்ரெபலோவ் எழுதியதில் சிறு சிறு சொற்கட்டு மாதிரியான துண்டுகள் இருக்கும். ஒன்றை எத்தனை தடவை வாசிப்பது, எவ்வளவு வேகம் என்பதை வாசிப்பவர்களே ஒருவரையொருவர் கேட்டு முடிவு செய்யவேண்டும். ஜாகிர் ஹுசைன் ஒன்று எழுதியிருக்கிறார், பெயர் ‘பல்லவி’. சென்னையில் பிறந்த இந்துஸ்தானி வயலின் கலைஞர் கலா ராம்நாத் ஒன்று எழுதியிருக்கிறார், ‘அம்ரித்’. உங்கள் வீட்டில் வயலின் பழகுகிற பிள்ளை வேறு யாராவது இருந்தால் இந்த இரண்டையும் தேடிப்பிடித்துக் கொடுங்கள். கமகத்தை மேற்கத்திய இசைக் குறிப்பில் எப்படி எழுதிக் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதே ஒரு பாடம்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, கெட்டுப்போகிற இடத்தையும் சொல்லவேண்டும். படைப்பு நன்றாக இருந்தும் நிகழ்ச்சி சரிவது பெரும்பாலும் ஒத்திகைக் கணக்கில்தான். தொழில்முறைக் கலைஞருக்கு மணிக்கணக்கில் சம்பளம். மூன்று மணி நேர ஒத்திகை ஒன்றுக்கே ஏற்பாட்டாளருக்குக் கை நடுங்கும். பிள்ளைகளுக்கோ அதே படைப்புக்கு வாரம் ஒரு நாள் வீதம் மூன்று நான்கு மாதம் வேண்டும். ஆகவே பிள்ளைகள் தனியாகப் பழகுவார்கள், பெரியவர்கள் கடைசி நாள் வந்து இறங்குவார்கள். ஒரு தடவை நான் பழக்கிய குழுவுக்கு இதுதான் நடந்தது. புதிய படைப்பு, ஒலிப்பதிவு இல்லை. ஆகையால் கணினி வாசித்த ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் பழகினார்கள். ஓர் இடத்தில் பாசூன் என்ற தாழ்ந்த குரல் ஊதுகருவி நாலு சுரம் ஊதும், அதைக் கேட்டதும் நாங்கள் நுழையவேண்டும். கணினிக் கோப்பில் பாசூன் கணீரென்று கேட்கும். கச்சேரி நாள் காலையில், நிஜ அரங்கத்தில், நிஜத் தாளக் கருவிகளுக்கு நடுவில், பாசூன் காதிலேயே விழவில்லை. நாற்பது பிள்ளைகளும் வில்லைத் தந்தியில் வைத்துக்கொண்டு, வராத பாசூனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் செல்லோ வாசித்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் தன்னந்தனியாகச் சரியான இடத்தில் நுழைந்தாள். அவள் பாசூனை நம்பாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதியம் பாசூன்காரர் தானே எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து போட்டுக்கொண்டார். ஸ்கோரில் ஒரு சுரமும் மாறவில்லை. சாயங்காலம் எல்லாரும் நுழைந்தார்கள்.

அதனால்தான், விஷயம் தெரிந்த குழுக்கள் பெரியவர்களை இரண்டு தடவையாவது வரவழைக்கின்றன. தொடக்கத்திலேயே ஒரு நாள், முழுக் குழுவாக இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று பேர், தங்கள் பகுதியை வாசித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் காதில் நிஜ ஒலி விழுந்துவிடும். பிறகு கடைசி வாரத்தில். இசையமைப்பாளர் நடுவில் ஒரு தடவை வந்து, முடியாததை மாற்றி எழுதிக் கொடுப்பார். உயிரோடு இருக்கிற இசையமைப்பாளரால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். மொசார்ட்டைக் கூப்பிட்டு "இந்தச் சுரம் எட்டவில்லை, கொஞ்சம் இறக்கித் தாருங்கள்" என்று கேட்க முடியாது.

பிள்ளைகளுக்கு எழுதுவது, கலைஞனாக இன்னும் தலையெடுக்காதவர்கள் செய்கிற வேலை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் கதையைச் சொன்னால் அது போய்விடும். இங்கிலாந்தில் அவர் தலைமுறையின் மிகக் கடினமான இசையை எழுதியவர்களில் ஒருவர். 1959 முதல் 1962 வரை சைரன்செஸ்டர் என்ற ஊரில் ஒரு பள்ளியின் இசை ஆசிரியராக இருந்தார். அங்கே எழுதியது 1960இன் ‘ஓ மேக்னம் மிஸ்டீரியம்’. பள்ளிப் பிள்ளைகள் பாடும் எளிய பாடல்கள், பிள்ளைகள் வாசிக்கும் இரண்டு வாத்தியப் பகுதிகள், அதே பொருளை எடுத்து விரிக்கும் ஓர் ஆர்கன் துண்டு கடைசியில். அந்த ஆர்கன் துண்டை வாசிக்கத் தேர்ந்த கலைஞர் வேண்டும். எளியதும் அரியதும் ஒரே படைப்புக்குள், ஒரே வேரிலிருந்து. பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளுக்குக் குடிபோனார். 1977இல் அங்கே ஒரு இசை விழா தொடங்க உதவினார். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 1978இல் ‘தி டூ ஃபிட்லர்ஸ்’, 1980இல் ‘சின்டரெல்லா’ என்று ஓபரா எழுதினார். சிம்பனிகளும் எழுதிக்கொண்டே இருந்தார். 2004இல் இங்கிலாந்து அரண்மனையின் அரச இசைஞர் பதவி வந்தது. 2016 மார்ச்சில் இறந்தபோது அவர் முடித்து வைத்திருந்த கடைசிப் பெரிய படைப்பு ‘தி ஹாக்பூன்’, பிள்ளைகளின் குரல்களுக்கும் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுக்கும். மூன்று மாதம் கழித்து அது அரங்கேறியது.

உங்கள் மகளின் நிகழ்ச்சி எந்த ரகம் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவளிடமே சிலவற்றைக் கேட்கலாம். பாட்டின் ஸ்கோர் எப்போது கைக்கு வந்தது, அதை எழுதியவர் ஒரு தடவையாவது ஒத்திகைக்கு வந்தாரா? வந்தவர் பாடச் சொல்லிக் கேட்டாரா, அல்லது பேசிவிட்டுப் போனாரா? பாடலில் எங்கேயாவது எதையாவது மாற்றினாரா? வாத்தியக்காரர்களோடு எத்தனை ஒத்திகை? ஒன்று என்று சொன்னால் கொஞ்சம் கவலைப்படலாம். உங்கள் குழு நுழைகிற இடத்தில் முதல் சுரத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். "பக்கத்தில் வியோலா அதே சுரத்தில் இருக்கும், அதைக் கேட்டு எடுப்போம்" என்கிற மாதிரி பதில் வந்தால், எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். "தெரியவில்லை, எப்படியோ வந்துவிடுகிறது" என்றாலும் பரவாயில்லை, ஒருவேளை அதைவிட நன்றாக மறைத்து எழுதியிருக்கிறார்.

கடைசி ஒத்திகைக்குப் பெற்றோரை விடுவார்களா என்றும் விசாரியுங்கள். விட்டால் கச்சேரிக்கு முன்னால் அதற்குப் போங்கள். பக்கவாட்டு இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், வாத்தியக்காரர்களின் முகம் தெரியும். பிள்ளைகள் பாடுகிற இடங்களில் அவர்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்: தங்கள் ஸ்டாண்டுக்கா, கடிகாரத்துக்கா, உங்கள் மகள் நிற்கிற வரிசைக்கா.